மெட்பார்மினுக்கு யார் துணை?

மாதம் இரண்டு ஏகாதசிக்கும் அப்பா பட்டினி இருப்பார். பகல் முழுக்கத் தண்ணீரும் துளசித் தீர்த்தமும்தான். இரவு எட்டு மணிக்கு ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். சுகர் வந்து ஒன்பது வருடம் ஆகியும் இந்த வழக்கத்தில் ஒரு குறையும் வந்ததில்லை. அந்த ஒன்பது வருடமும் அவர் போட்டுக்கொண்டிருந்தது வெறும் மெட்பார்மின். போன பரிசோதனையில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 8.4 என்று வந்ததால் மாத்திரையை மாற்றி எழுதியிருந்தார்கள். பழைய மாத்திரையைவிடக் கொஞ்சம் பெரியது, இரண்டு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று. மாத்திரை விஷயத்தில் அப்பா கடிகாரம் மாதிரி. அந்த ஏகாதசி ராத்திரியும் பாலைக் குடிக்கும் முன் மறக்காமல் போட்டுக்கொண்டார்.

பதினோரு மணி இருக்கும். அம்மாவின் குரல் கேட்டு ஓடினேன். "என்னங்க, என்ன இப்படி வேர்க்குது? இங்க பாருங்க என்னை." அப்பாவின் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கை நடுங்கியது. கேட்டதற்கு ஏதோ சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். விரலில் குத்திப் பார்த்தால் 48. எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தானே என்று அம்மா நான்கு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 51. மறுபடியும் சர்க்கரைத் தண்ணீர். 53. பக்கத்து வீட்டுப் பையன் கால்பந்து ஆடுகிறவன். அவன் வைத்திருந்த குளுக்கோஸ் பவுடர் பாக்கெட்டைக் கொண்டுவந்து கலக்கிக் கொடுத்த பிறகுதான் எண் ஏறத் தொடங்கியது. பன்னிரண்டே காலுக்கு 86. அப்பா எழுந்து உட்கார்ந்து, "எதுக்கு எல்லாரும் முழிச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அந்த மாத்திரை அட்டையைத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஒரே மாத்திரைக்குள் மூன்று பெயர்கள் இருந்தன: மெட்பார்மின், கிளிமிபிரைடு, வோக்லிபோஸ். முன்பு ஒன்றும் செய்யாத பட்டினி இப்போது ஏன் ஆபத்தானது, சர்க்கரைத் தண்ணீர் ஏன் வேலை செய்யவில்லை, இரண்டுக்கும் விடை அந்தப் பொடி எழுத்துகளில் இருந்தது. இந்த அத்தியாயத்தை எழுத வைத்தது அந்த அட்டைதான்.

ஒரு மருந்து ஏன் போதாமல் போகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பலரும் இதை நோயாளியின் தோல்வியாகப் பார்க்கிறார்கள். "வாயைக் கட்டலை, அதான் மாத்திரை கூடுது" என்று வீட்டில் பேச்சு விழும். பிரிட்டனில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவுகளை வெளியிட்ட யூகேபிடிஎஸ் என்ற ஆய்வு, புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 5,102 பேரைத் தொடர்ந்து கவனித்தது. மெட்பார்மினோ, சல்பனைல்யூரியா என்ற வகை மாத்திரையோ, இன்சுலினோ, எதைக் கொடுத்தாலும் அந்த ஒன்றை மட்டும் வைத்து மூன்றாவது வருட முடிவில் சராசரியை 7க்குக் கீழே வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். ஒன்பதாவது வருடத்தில் கால்வாசி. அப்பாவுக்கு ஒன்பதாம் வருடம் 8.4 வந்தது அவர் செய்த தப்பு இல்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள், நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே தங்கள் திறனில் பாதியளவு இழந்திருக்கின்றன. மீதியும் வருடா வருடம் தேய்கிறது. நோயே இப்படித்தான் நகர்கிறது.

அதே மருந்தை இரட்டிப்பாக்கினால் என்ன? பெரும்பாலான சுகர் மாத்திரைகள் தங்கள் முழு அளவில் பாதியிலேயே வேலையின் பெரும்பகுதியைச் செய்து முடித்துவிடுகின்றன. அதற்குமேல் ஏற்றினால் பக்கவிளைவுதான் அதிகம் ஏறும். ஒரு குடத்தில் எட்டு ஓட்டை இருக்கும்போது ஒரே ஓட்டையில் களிமண்ணை அப்பிக்கொண்டே போவதால் பயன் இல்லை. எட்டு என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் டிஃப்ரான்சோ 2008இல் ஆற்றிய பான்டிங் நினைவு உரையில் நீரிழிவில் கோளாறாகும் இடங்களை எட்டு என்று கணக்கிட்டார். இன்சுலினைக் குறைவாகச் சுரக்கும் பீட்டா செல், தேவையில்லாதபோதும் சர்க்கரையை வெளியே விடும் கல்லீரல், இன்சுலின் சொல்வதைக் கேட்காத தசை, கொழுப்பு, குடல், சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஹார்மோனைச் சுரக்கும் ஆல்பா செல், சர்க்கரையை விடாமல் திரும்ப உறிஞ்சும் சிறுநீரகம், பசியை ஆளும் மூளை. ஒவ்வொரு மருந்தும் இவற்றில் ஒன்றையோ இரண்டையோதான் தொடுகிறது. ஆகவே வேறு வேறு ஓட்டைகளை அடைக்கும் இரண்டு மருந்துகளைச் சேர்ப்பது பொருத்தமான யோசனை.

இந்தக் கூட்டணியில் முதல் இடம் யாருக்கு என்பதில் பல பத்தாண்டுகள் பெரிய சண்டை இருந்ததில்லை. மெட்பார்மினின் பூர்வீகம் ஐரோப்பாவில் அறியப்பட்ட கலேகா என்ற செடி. அதிலுள்ள வேதிப்பொருளின் உறவுக்காரனாக 1922இல் டப்ளினில் மெட்பார்மின் தயாரிக்கப்பட்டது. இன்சுலின் அலை அடித்த காலம் அது. யாரும் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1940களின் இறுதியில் பிலிப்பைன்ஸில் யூசேபியோ கார்சியா என்ற மருத்துவர் இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்கு இதைக் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை இறங்குவதைக் கவனித்தார். அந்தக் குறிப்பைப் படித்த பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் 1957இல் நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்து வெளியிட்டார். 'குளுக்கோஸைத் தின்பது' என்று பொருள்படும் குளுக்கோபேஜ் என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். அமெரிக்கா அனுமதிக்க 1994 ஆயிற்று. இடையில் இதன் அண்ணன் போன்ற ஃபென்பார்மின், ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏற்றி உயிர்களை வாங்கியதால் 1970களில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. அண்ணன் செய்த குற்றத்துக்குத் தம்பியும் சந்தேக நிழலில் நின்றான்.

மெட்பார்மின் முக்கியமாகக் கல்லீரலை அடக்குகிறது. பட்டினி நேரத்தில் கல்லீரல் அளவு மீறிச் சர்க்கரை தயாரிப்பதைக் குறைக்கிறது. கணையத்தைப் பிடித்து உலுக்கி இன்சுலினை வெளியேற்றுவதில்லை. அதனால்தான் அப்பா ஒன்பது வருடம் ஏகாதசி இருந்தும் லோ சுகர் வரவில்லை. யூகேபிடிஎஸ் ஆய்வில் உடல் எடை கூடிய 342 பேருக்கு மெட்பார்மின் கொடுத்துப் பார்த்ததில், உணவுக்கட்டுப்பாட்டை மட்டும் பெற்றவர்களைவிட மொத்த மரணங்கள் 36 சதவீதமும் மாரடைப்பு 39 சதவீதமும் குறைந்தன. விலை மலிவு, எடை கூட்டாது, பழகிய மருந்து. வயிற்றுப் பொருமலும் பேதியும் இதன் கெட்ட குணம். நீண்ட நாள் போடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். காலில் மதமதப்பு என்றால் எல்லாவற்றையும் சுகர் தலையில் போட்டுவிடாமல் பி12 அளவையும் பார்ப்பது நல்லது. சிறுநீரகம் நன்றாகக் கெட்டுவிட்டவர்களுக்கு இது ஆகாது.

சரி, மெட்பார்மினுக்குத் துணை யார்? நம் ஊரில் மிக நீண்ட காலமாக முதல் பதில் சல்பனைல்யூரியா. கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு, கிளிமிபிரைடு எல்லாம் இந்தக் குடும்பம். இதன் பிறப்பும் ஒரு விபத்தில்தான். 1942இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்தார். சிலருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. அதே நகரில் இருந்த ஓகுஸ்த் லுபத்தியேர் நாய்களில் சோதித்து, கணையத்தை எடுத்துவிட்ட நாய்க்கு இந்த மருந்து ஒன்றும் செய்வதில்லை என்று காட்டினார். ஆகவே மருந்து கணையத்தின் வழியாகத்தான் வேலை செய்கிறது. இந்தக் குடும்பம் உலகுக்கு அறிமுகமானதே லோ சுகரின் வழியாகத்தான் என்பதை நான் படித்தபோது அப்பாவின் நனைந்த பனியன் ஞாபகம் வந்தது.

பீட்டா செல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த அத்தியாயம் முழுக்க இதைச் சுற்றித்தான் வருகிறது. செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் சிறு வாசல்கள் உண்டு. சாப்பிட்டதும் ரத்தத்தில் வரும் குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைந்து எரிகிறது. அந்த ஆற்றல் வாசல்களைச் சாத்துகிறது. வாசல் சாத்தியதும் செல்லின் மின் நிலை மாறி, சேமித்து வைத்த இன்சுலின் வெளியே கொட்டுகிறது. சாப்பாடு வந்தால் இன்சுலின், வராவிட்டால் இல்லை. உடம்பு தானே போட்டுக்கொண்ட அழகான ஒழுங்கு இது. சல்பனைல்யூரியா நேராகப் போய் அந்த வாசலைச் சாத்திவிடுகிறது. சர்க்கரை வந்ததா என்று அது பார்ப்பதில்லை. அப்பா சாப்பிட்டது ஒரு டம்ளர் பால். மாத்திரை சுரக்க வைத்ததோ ஒரு முழுச் சாப்பாட்டுக்கான இன்சுலின்.

இதையெல்லாம் சொன்னதும் சல்பனைல்யூரியாவை வில்லனாக்கிவிட நான் விரும்பவில்லை. வேகமாகச் சர்க்கரையைக் குறைக்கும், விலை மிகக் குறைவு, அரை நூற்றாண்டுக்கும் மேலான பழக்கம் இருக்கிறது. குடும்பத்துக்குள்ளும் வித்தியாசம் உண்டு. கிளிபென்கிளமைடு உடம்பில் நீண்ட நேரம் தங்கும், சிறுநீரகம் தளர்ந்தவர்களில் சேர்ந்துகொண்டே போகும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அது பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிட்டது. கிளிக்ளசைடு ஒப்பீட்டளவில் சாது.

சல்பனைல்யூரியாவும் மெட்பார்மினும் சேர்ந்த ஜோடி ஒரு முறை உலகைப் பயமுறுத்தியும் இருக்கிறது. 1998இல் வெளியான அதே யூகேபிடிஎஸ் முடிவுகளின் ஒரு மூலையில், ஏற்கனவே சல்பனைல்யூரியா எடுத்துக்கொண்டிருந்த 537 பேரில் ஒரு பாதிக்கு மெட்பார்மினைச் சீக்கிரமே சேர்த்துப் பார்த்ததும் இருந்தது. சேர்த்தவர்களில் நீரிழிவு தொடர்பான மரணங்கள் 96 சதவீதம் அதிகம்! மெட்பார்மின் தனியாக உயிரைக் காக்கிறது, இதனோடு சேர்ந்தால் எடுக்கிறதா? அந்த எண்ணைச் சுற்றியிருந்த ஐயவரம்பு 2 சதவீதத்திலிருந்து 275 சதவீதம் வரை விரிந்திருந்தது. அதாவது ஆட்கள் குறைவு, மரணங்கள் குறைவு, தற்செயலுக்கு இடம் அதிகம். மற்ற தரவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது அந்த ஆபத்து தெரியவில்லை. ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பதறுவதும் தப்பு, பாராமல் விடுவதும் தப்பு. நடுநிலையாகப் பெரிய ஆய்வு ஒன்று நடத்தித்தான் தீர்க்க வேண்டும். அதற்கு இன்னும் இருபது வருடம் ஆனது.

அந்த இருபது வருடத்தில் புதிய துணை ஒன்று வந்து சேர்ந்தது. சாப்பாடு குடலைத் தொட்டதும் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் கிளம்பிக் கணையத்துக்குத் தகவல் சொல்கிறது. டிபிபி-4 என்ற நொதி அதைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடுகிறது. அந்த நொதியைத் தடுத்து ஹார்மோனின் ஆயுளை நீட்டுவதுதான் கிளிப்டின் மருந்துகளின் வேலை. 2006இல் அமெரிக்காவில் சிட்டாகிளிப்டின் முதலில் அனுமதி பெற்றது. வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின், நம் நாட்டில் மலிவாகக் கிடைத்த டெனலிகிளிப்டின் என்று வரிசையாக வந்தன. இவையும் இன்சுலினைக் கூட்டுகின்றன. ஆனால் ஜிஎல்பி-1, ஏற்கனவே குளுக்கோஸ் சாத்தத் தொடங்கிய வாசலுக்குத்தான் கை கொடுக்கும். குளுக்கோஸ் வராவிட்டால் அதுவும் சும்மா இருக்கும். சர்க்கரையைப் பார்த்து வேலை செய்யும் மருந்து என்று இதைச் சொல்லலாம்.

பார்க்காமல் வேலை செய்யும் மலிவான மருந்தும், பார்த்து வேலை செய்யும் விலை கூடிய மருந்தும் எதிரெதிரே நின்றன. எது மேல் என்று கண்டுபிடிப்பது எப்படி? மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்து, கிளிப்டின் போட்டவர்களையும் கிளிமிபிரைடு போட்டவர்களையும் ஒப்பிடுவது எளிது. அந்த ஒப்பீடு ஏமாற்றும். விலை கூடிய மாத்திரை வாங்குகிறவரிடம் பணம் இருக்கும், நல்ல சாப்பாடு, நேரத்துக்குப் பரிசோதனை எல்லாம் கூடவே இருக்கும். அவர் நன்றாக இருப்பது மாத்திரையாலா வசதியாலா என்று பிரிக்க முடியாது. அதனால் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி ஆட்களைப் பிரித்து, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் கொடுத்து, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கரோலினா என்ற ஆய்வு அப்படித்தான் காத்திருந்தது. இதய நோய் ஆபத்து கூடிய, பெரும்பாலும் மெட்பார்மின் எடுத்துக்கொண்டிருந்த ஆறாயிரத்துச் சொச்சம் பேரில் ஒரு பாதிக்கு லினாகிளிப்டின், மறு பாதிக்கு கிளிமிபிரைடு. கவனித்த காலத்தின் இடைநிலை அளவு 6.3 வருடம். முடிவு 2019இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் லினாகிளிப்டின் பக்கம் 11.8 சதவீதம், கிளிமிபிரைடு பக்கம் 12.0. ஒரு மயிரிழை. சர்க்கரைக் கட்டுப்பாடும் ஏறக்குறைய ஒன்றே. சல்பனைல்யூரியா இதயத்தைக் கெடுக்கும் என்று ஐம்பது வருடமாக இருந்த பயம் பெருமளவு தீர்ந்தது. ஆனால் ஒரு முறையாவது லோ சுகர் வந்தவர்கள் லினாகிளிப்டின் பக்கம் 10.6 சதவீதம், கிளிமிபிரைடு பக்கம் 37.7. நூறில் பதினொன்றுக்கும் நூறில் முப்பத்தெட்டுக்கும் உள்ள தூரம் அது.

மூன்று வருடம் கழித்து, 2022இல், அமெரிக்காவின் கிரேடு ஆய்வு வேறு கோணத்தில் பார்த்தது. மெட்பார்மினோடு நான்கு துணைகளை ஒப்பிட்டது. அதில் இரண்டு ஊசி, இரண்டு மாத்திரை. சராசரி 7ஐத் தாண்டுவது யாருக்கு அதிகம் என்பது கேள்வி. கிளிமிபிரைடு பெற்றவர்களில் 72 சதவீதம், சிட்டாகிளிப்டின் பெற்றவர்களில் 77 சதவீதம். சர்க்கரையைப் பிடித்து வைப்பதில் பழைய மாத்திரை சற்று முன்னால். இன்னொருவர் உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையான லோ சுகர், கிளிமிபிரைடில் 2.2 சதவீதம், சிட்டாகிளிப்டினில் 0.7. ஐந்து வருடத்தில் எந்தத் துணையோடு போனவர்களிலும் பெரும்பாலோர் 7ஐத் தாண்டினார்கள் என்பதுதான் எனக்கு உறைத்த செய்தி.

எண்களை இப்படி அடுக்கிப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. 'எந்த ஜோடி சர்க்கரையை அதிகம் குறைக்கும்' என்ற கேள்வியில் பெரிய சாரம் இல்லை. மெட்பார்மினோடு எதைச் சேர்த்தாலும் மூன்று மாதச் சராசரியில் பெரும்பாலும் முக்கால் புள்ளியிலிருந்து ஒரு புள்ளி வரை குறையும். வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது. ராத்திரி தனியாகப் படுக்கும் 75 வயது அம்மாவுக்கும், பேருந்து ஓட்டுகிறவருக்கும், பட்டினி விரதம் இருக்கிறவருக்கும் அந்த 37.7க்கும் 10.6க்கும் உள்ள தூரம்தான் எல்லாமே. நேரத்துக்குச் சாப்பிடும், மாதக் கடைசியில் மருந்துக் கடைப் பக்கம் போகத் தயங்கும் ஒருவருக்கு, விலை குறைந்த சல்பனைல்யூரியாதான் தொடர்ந்து போடக்கூடிய மாத்திரை. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பலமே, மாத்திரை தீர்ந்துபோய் நடுவில் விட்டுவிடாமல் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதுதான். நிறுத்தி நிறுத்திப் போடும் உயர்ந்த ஜோடியைவிட விடாமல் போடும் சாதாரண ஜோடியை நான் நம்புகிறேன்.

இனி அந்த மூன்றாவது பெயர். வோக்லிபோஸ் ரத்தத்துக்குள் போய் வேலை செய்யும் மருந்தே இல்லை என்று சொல்லிவிடலாம். அதன் களம் சிறுகுடல். சோற்றிலுள்ள மாவுச்சத்தையும் நாம் போடும் வெள்ளைச் சர்க்கரையையும் குளுக்கோஸாக வெட்டித் தருகிற நொதிகளை அது தடுக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஒரேயடியாக ஏறாமல் மெதுவாக ஏறும். மூன்று வேளையும் சோறும் இட்லியும் தோசையுமாக இருக்கும் நம் சாப்பாட்டுக்கு இது பொருத்தம் என்று பல மருத்துவர்கள் விரும்பி எழுதுவார்கள். சராசரியைக் குறைக்கும் வலு கொஞ்சம்தான், வயிற்றில் வாயு நிறைய.

அம்மா கரைத்துக் கொடுத்த சர்க்கரை, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்த ஜோடி. அந்தக் கையைப் பிரித்தால்தான் குடல் அதை உறிஞ்ச முடியும். பிரிக்க வேண்டிய நொதியை வோக்லிபோஸ் பிடித்து வைத்திருந்தது. பக்கத்து வீட்டுப் பாக்கெட்டில் இருந்ததோ பிரிக்கத் தேவையே இல்லாத குளுக்கோஸ். நேராக ரத்தத்துக்குப் போனது. தனியாக வோக்லிபோஸ் போட்டால் லோ சுகர் வருவது அரிது. சல்பனைல்யூரியாவோடு ஒரே மாத்திரைக்குள் அடைத்தால், ஒன்று சர்க்கரையை இறக்கும், மற்றொன்று ஏற்ற வரும் கையைத் தடுக்கும். அட்டையில் வோக்லிபோஸ் என்றோ அதே வகையைச் சேர்ந்த அகார்போஸ் என்றோ இருந்தால் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருக்க வேண்டும், சர்க்கரையை நம்பக் கூடாது. இதை அந்த வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

பயோகிளிட்டசோனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தசையையும் கொழுப்பையும் இன்சுலின் சொல்வதைக் கேட்க வைக்கும் மருந்து. இத்தாலியில் 3,028 பேரிடம் நடந்த டோஸ்கா ஆய்வு, மெட்பார்மினோடு இதையும் சல்பனைல்யூரியாவையும் ஒப்பிட்டு 2017இல் முடிவு சொன்னது. இதயப் பாதிப்பில் வித்தியாசமில்லை, லோ சுகர் 10 சதவீதத்துக்கு 34 சதவீதம். மறுபடியும் அதே கதை. கால் வீக்கம், எடை கூடுதல், எலும்பு முறிவு, இதயம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து என்று இதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் இந்திய அரசு 2013 ஜூனில் இதை நிறுத்தி, ஜூலை முடிவதற்குள் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தது.

கடைசியாக வந்த துணையின் கதை சிறுநீரகத்தில் நடக்கிறது. நம் சிறுநீரகம் ஒரு நாளில் ஏறக்குறைய 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, அத்தனையையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. 1835இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃபுளோரிசின் என்ற பொருள் சிறுநீரில் சர்க்கரையைப் போகவைக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரியும். அந்த உறிஞ்சலைத் தடுப்பதால்தான் அப்படி நடக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. அதன் வழித்தோன்றல்கள்தான் டாபாகிளிஃப்ளோசினும் எம்பாகிளிஃப்ளோசினும். சர்க்கரையைச் சிறுநீரில் போகவிடுகின்றன. காலமெல்லாம் மருத்துவம் எதை நோயின் அடையாளமாகப் பார்த்ததோ அதையே மருந்தாக்கிய துணிச்சல் இது.

2015இல் வெளியான எம்பா-ரெக் ஆய்வில் ஏற்கனவே இதய, ரத்தக்குழாய் நோய் இருந்த 7,020 பேர். எம்பாகிளிஃப்ளோசின் பெற்றவர்களில் எல்லாக் காரண மரணங்களும் 8.3 சதவீதத்திலிருந்து 5.7 ஆகக் குறைந்தன. இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது 35 சதவீதம் குறைந்தது. இந்த உயிர்களைக் காத்தது சர்க்கரைக் குறைப்பா? ஆய்வின் இறுதியில் இரு குழுவுக்கும் மூன்று மாதச் சராசரியில் அரைப் புள்ளி வித்தியாசம்கூட இல்லை. உப்பும் நீரும் வெளியேறி இதயத்தின் சுமை குறைந்தது, சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் அழுத்தம் தணிந்தது என்றெல்லாம் விளக்கங்கள் உண்டு. சர்க்கரை எண்ணை வைத்து மாத்திரைகளை வரிசைப்படுத்தியிருந்தால் இந்த மருந்து நடுவில் எங்கோ நின்றிருக்கும். அதனால்தான் இதயமோ சிறுநீரகமோ பழுதான நோயாளிக்கு, சராசரி எவ்வளவு இருந்தாலும் சரி, இதைச் சேர்க்கச் சொல்லி இன்றைய வழிகாட்டுதல்கள் கேட்கின்றன. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், வெயில் காலத்தில் உடல் வறளலாம், பட்டினியும் அறுவை சிகிச்சையும் நேரும்போது சர்க்கரை ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. அப்பாவைப் போன்ற விரதக்காரர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

விலைதான் நீண்ட காலம் தடையாக நின்றது. இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020 அக்டோபரிலும், சிட்டாகிளிப்டினுடையது 2022 ஜூலையிலும், எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்தன. 60 ரூபாய் அளவில் விற்ற எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைக்குப் பத்து ரூபாயைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் மாற்றுகள் கடைக்கு வந்தன. எந்த ஜோடி சிறந்தது என்ற கேள்வியின் விடையை ஆய்வுக்கூடம் மட்டும் மாற்றுவதில்லை, காப்புரிமை நாட்காட்டியும் மாற்றுகிறது.

தேவைப்படும்போது இரண்டாவதைச் சேர்ப்பதா, முதல் நாளிலேயே இரண்டையும் தொடங்குவதா? 34 நாடுகளில் 2,001 பேரை ஐந்து வருடம் கவனித்த வெரிஃபை ஆய்வு, மெட்பார்மினையும் வில்டாகிளிப்டினையும் ஆரம்பத்திலேயே சேர்த்துத் தொடங்கியவர்களில் 43.6 சதவீதத்துக்குத்தான் முதல் கட்ட சிகிச்சை தோற்றது என்றும், மெட்பார்மினை மட்டும் வைத்துத் தொடங்கியவர்களில் 62.1 சதவீதத்துக்குத் தோற்றது என்றும் 2019இல் காட்டியது. சேர்த்தால் எப்போதும் கூடுதல் பலன் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைப் பற்றியது. உணவும் நடையும் நோயை 28.5 சதவீதம் தடுத்தன, மெட்பார்மின் 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்தபோது 28.2! கூட்டல் கணக்கு உடம்பில் எப்போதும் பலிப்பதில்லை.

ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகளை அடைப்பது நம் சந்தையின் தனிக் குணம். அதில் நன்மை இருக்கிறது. எட்டு மாத்திரை போடுகிறவருக்கு ஆறாகக் குறைந்தால் மறதி குறையும், செலவும் சில நேரம் குறையும். ஆனால் அளவை யார் தைத்தார்கள்? தையல்காரர் அளவெடுக்காமல் ஆயத்த சட்டை வாங்குவது போல, மருந்து நிறுவனம் தீர்மானித்த விகிதத்துக்கு நோயாளி பொருந்த வேண்டியிருக்கிறது. அறிவியல் அடிப்படை இல்லை என்று 2016 மார்ச்சில் மத்திய அரசு தடை செய்த 344 கூட்டு மருந்துகளிலும், வழக்குகளுக்குப் பிறகு 2018 செப்டம்பரில் தடை செய்த 328இலும் சுகர் மாத்திரைகள் இருந்தன. மூன்று மருந்து ஒரே மாத்திரை என்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் ராத்திரிக்கு வேண்டியிருந்தது ஒரு சிறு சுதந்திரம்: பட்டினி நாளில் கிளிமிபிரைடை விட்டுவிட்டு மெட்பார்மினை மட்டும் போட்டுக்கொள்ளும் சுதந்திரம். ஒன்றாக அமுக்கிய மாத்திரையைப் பிளந்தாலும் ஒவ்வொரு துண்டிலும் மூன்றும் இருக்கும்.

அட்டையை எடுத்துக்கொண்டு நாங்கள் மருத்துவரிடம் போனோம். விரதம் இருப்பார் என்பதை நாங்களும் சொல்லியிருக்கவில்லை, அங்கேயும் யாரும் கேட்டிருக்கவில்லை. மருத்துவர் கேட்டுக்கொண்டு, மூன்றையும் பிரித்தார். மெட்பார்மின் தொடர்ந்தது, கிளிமிபிரைடும் வோக்லிபோஸும் போய் ஒரு கிளிப்டின் வந்தது. அடுத்த பரிசோதனையில் சராசரி 7.3. அப்பாவுக்கு வருத்தம். "அந்த மாத்திரையையே போட்டிருந்தா ஏழுக்குள்ள வந்திருக்குமே டாக்டர்?" வந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட மருத்துவர், "உங்களுக்கு 7.3 போதுங்கய்யா, ராத்திரி நிம்மதியாத் தூங்குங்க" என்றார்.

அன்று கடையில் வாங்கிய குளுக்கோஸ் பாக்கெட்டை அம்மா பூஜை அலமாரியில், விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு வருடத்தில் எத்தனையோ ஏகாதசி வந்து போயின. போன மாதம் அலமாரியைத் துடைக்கும்போது எடுத்துப் பார்த்தோம். தேதி முடிந்திருந்தது. பிரிக்காமலேயே தூக்கிப் போட்டுவிட்டு அம்மா புதிது ஒன்று வாங்கிவரச் சொன்னார்.